பறவைக் காய்ச்சல்: கோழிக்கொட்டில் வாசலில் செருப்பை மாற்றுங்கள்

ஒவ்வொரு மாரியிலும் சுண்டிக்குளம், வங்காலை, கட்டுக்கரைக்குளம் என்று வன்னியின் நீர்நிலைகளுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன. மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று சொல்லப்படும் வழியாக வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வருகிற காட்டுத் தாராக்கள், கரைப்பறவைகள், பூநாரைகள். அவை வரட்டும், அவற்றின் வழி அது. ஆனால் கோழி வளர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வைரஸின் பழைய வீடு இந்த நீர்ப்பறவைகளின் குடல்தான். பெரும்பாலும் அவற்றுக்கு ஒன்றும் செய்யாமல் குடலிலேயே பெருகி, எச்சத்தோடு தண்ணீரிலும் சேற்றிலும் விழுகிறது.

அப்படியென்றால் அதே வைரஸ் கோழிப் பண்ணைக்குள் வந்தால் ஏன் கொட்டில் முழுவதும் செத்து விழுகிறது?

வைரஸின் மேல் முள் முள்ளாக நிற்கும் ஹீமாகுளூட்டினின் என்ற புரதத்தில்தான் பதில் இருக்கிறது. ஒரு உயிரணுவுக்குள் நுழைவதற்கு முன்பு இந்தப் புரதம் ஓரிடத்தில் வெட்டப்பட வேண்டும். சாதாரண வகை வைரஸில் அந்த வெட்டைப் போடக்கூடிய நொதிகள் குடலிலும் மூச்சுப் பாதையிலும் மட்டும்தான் இருக்கின்றன, அதனால் நோய் அங்கேயே நின்றுவிடும். எச்5, எச்7 வகை வைரஸ்கள் நெருக்கமாக வளர்க்கப்படும் கோழிகளுக்குள் சுற்றும்போது சில வேளைகளில் அந்த வெட்டு இடத்தில் கூடுதல் அமினோ அமிலங்கள் சேர்ந்துவிடுகின்றன. அதன் பிறகு ஃபியூரின் என்ற நொதியே அதை வெட்டிவிடும். ஃபியூரின் உடம்பின் எல்லா உறுப்புகளிலும் இருப்பது. அதனால் மூளை, இதயம், ஈரல் என்று எங்கும் வைரஸ் புகுந்துவிடுகிறது, இரண்டு மூன்று நாட்களில் கொட்டில் காலியாகிவிடும். இன்று உலகம் முழுவதும் சுற்றும் எச்5என்1 வகையின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் பெரிய வாத்துகளில் (கூஸ்) கண்டுபிடிக்கப்பட்டது. இன்னொன்று, இந்தக் கடுமையான வகை தொற்றிய தாராக்கள் எல்லாம் சாவதில்லை. நன்றாக மேய்ந்துகொண்டே வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். தாராவையும் கோழியையும் ஒன்றாக விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

சரி, குளத்தில் கிடக்கும் வைரஸ் மூடிய கொட்டிலுக்குள் எப்படி வருகிறது? பெரும்பாலும் நாம்தான் கொண்டுவருகிறோம். காலபோகத்தில் வயலுக்குப் போகாத வீடு வன்னியில் குறைவு. வரம்பில் நடந்த அதே செருப்போடு நேரே கொட்டிலுக்குள் போய்த் தீன் போடுகிறோம். செருப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பள்ளங்களுக்குள் ஈரச் சேறும், அதோடு ஒட்டிய எச்சமும் உமியும் இருக்கும். வெயிலில் காய்ந்தால் வைரஸ் சீக்கிரம் செத்துவிடும், ஈரத்திலும் நிழலிலும் குளிரிலும் நெடுநேரம் தாங்கும். பறவைகள் வருவதும், குளங்கள் நிரம்புவதும், சேறு காயாமல் கிடப்பதும் எங்களுக்கு ஒரே மாதங்களில் வருகின்றன என்பதை யோசியுங்கள்.

இந்த வைரஸைச் சுற்றி இருப்பது ஒரு கொழுப்புப் போர்வை. சவர்க்காரம் கொழுப்பைக் கரைக்கும், எனவே சவர்க்காரத் தண்ணீருக்கே இது செத்துவிடும். இவ்வளவு பலவீனமான கிருமி ஏன் தப்பிக்கிறது என்றால், எச்சமும் சேறும் அதை மூடிக் காப்பாற்றுகின்றன. பல பண்ணைகளில் வாசலில் ஒரு தட்டத்தில் மருந்துத் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதில் உமி மிதக்கும், மழைத் தண்ணீர் கலந்திருக்கும், எப்போது மாற்றியது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. குளோரின் அழுக்கோடு சேர்ந்தே தன் வலுவை இழந்துவிடும், வைரஸைத் தொடும்போது அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்தத் தட்டம் மனதுக்குத் தரும் தைரியம்தான் ஆபத்து. வைப்பதென்றால் முதலில் தூரிகையால் சேற்றைத் தேய்த்துக் கழுவி, அப்புறம் மருந்தில் சொல்லப்பட்ட நேரம் வரை கால் நிற்க வேண்டும், தண்ணீரை நாளாந்தம் மாற்ற வேண்டும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கதவுக்கு உள்ளே, வழிக்குக் குறுக்காக முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை வாங்கு போடுங்கள். வெளிப் பக்கம் பார்த்து உட்கார்ந்து வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தரையில் வைக்காமல் அந்தப் பக்கம் திருப்பி, கொட்டிலுக்கென்றே வைத்திருக்கும் றப்பர் சப்பாத்தைப் போட வேண்டும். ஒரு பக்கத்துச் செருப்பு மறு பக்கத் தரையை ஒருபோதும் தொடக்கூடாது, அவ்வளவுதான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தீன் கொண்டுவருகிறவர், கோழி வாங்க வருகிறவர், சொந்தக்காரர், யாராக இருந்தாலும் இதே விதி. சிலர் கோபிப்பார்கள், பரவாயில்லை. முற்றத்தில் ஊர்க்கோழியும் வளர்க்கிறீர்கள் என்றால் கொட்டில் வேலையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் முற்றத்துக்கு வாருங்கள்.

அமெரிக்காவில் 2014-15இல் ஏறக்குறைய 5 கோடி கோழிகளும் வான்கோழிகளும் அழிந்தபோது, பண்ணைக்குப் பண்ணை நோயைக் கொண்டுபோனவற்றில் ஆட்களும் வாகனங்களும் பகிர்ந்துகொண்ட உபகரணங்களும் முக்கியமானவை. எங்கள் நிலைமையில் இதற்குச் சமம், பல வீடுகளுக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் போய்வரும் கோழிக் கூடைகளும் முட்டைத் தட்டுகளும்தான். கூடையின் மூலையில் காய்ந்த எச்சம் ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் வரும். கூடையும் தட்டும் கேற்றுக்கு வெளியே நிற்கட்டும், கோழியை நீங்கள் உங்கள் கூடையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

குளத்திலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ பம்ப் போட்டு எடுத்த தண்ணீரைக் குளோரின் கலக்காமல் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. சிந்திய தீனுக்குக் காகமும் குருவியும் வரும், முக்கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள வலையால் கொட்டிலைச் சுற்றி அடியுங்கள், தீன் பையை மூடி வையுங்கள்.

2014இல் கேரளத்தின் ஆலப்புழையில் தாராக்களில் எச்5என்1 பரவியது, அது எங்களுக்கு அதிக தூரமில்லை. மனிதரிலும் 2003 முதல் 900க்கு மேற்பட்டவர்களுக்கு இது தொற்றி, ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் நோய்ப் பறவைகளோடு நெருங்கிப் பழகியவர்கள். நன்றாக வேகவைத்த இறைச்சியிலும் முட்டையிலும் ஆபத்தில்லை. நோய்க்கோழியை உரிப்பதில்தான் ஆபத்து.

ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்தால், கொண்டை வீங்கி நீலமானால், முட்டை சட்டென்று குறைந்தால், ராணிக்கட்டு என்ற வேறொரு கோழி நோயாக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பரிசோதனையில்தான் தெரியும். மிச்சத்தையாவது விற்றுக் காசாக்குவோம் என்று தோன்றும். கடன்பட்டு வளர்த்தவருக்கு அப்படித் தோன்றுவதில் பிழையில்லை, ஆனால் அந்த விற்பனையில்தான் ஊர் முழுவதற்கும் நோய் போகும். செத்ததைக் குளத்திலோ பற்றைக்குள்ளோ எறியாதீர்கள், நாயும் காகமும் இழுத்துக்கொண்டு போகும். வெறுங்கையால் தொடாமல் மூடி வைத்துவிட்டு, உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். வைத்தியர் வந்து பார்க்கும்வரை ஒரு கோழியோ ஒரு முட்டைத் தட்டோ ஒரு பை எருவோ வளவை விட்டு வெளியே போகக்கூடாது.