ஜூஸ் ஜாக்கிங் – செருகுவழி ஊடுருவல்

"தம்பி, இதைக் கொஞ்சம் சாஜில போடுங்கோ. கொழும்பு பஸ் வரமுதல் எடுக்கிறன்."

திருகோணமலை பஸ் நிலையத்தடிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிளக் காலியில்லை என்றால் கடைக்காரர் கணினியிலேயே வயரைச் செருகிவிடுவார். "இந்தக் கணினியை நம்பலாமா?" என்று போன் கேட்கும். ஓம் என்றால்தான் சாஜ் ஏறும் என்று நினைத்து அழுத்திவிடுகிறோம். அழுத்தாவிட்டாலும் ஏறும். அழுத்தினால் படங்களும் கோப்புகளும் அந்தக் கணினிக்குத் திறந்துவிடும்.

முன்பின் தெரியாத யூ.எஸ்.பி துளை வழியாக வரும் இந்த ஆபத்தைத்தான் ஆங்கிலத்தில் ஜூஸ் ஜாக்கிங் என்கிறார்கள். 2011 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இலவச சாஜ் பெட்டியொன்றை வைத்து, போனைச் செருகியவர்களைத் திரையில் எச்சரித்தார்கள். அதைப் பற்றி எழுதியபோது செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் இட்ட பெயர் இது.

ஜூஸ் என்பது இங்கே பழச்சாறல்ல. அமெரிக்கப் பேச்சில் அது மின்சாரம், நாங்கள் கறண்ட் என்பதைப்போல. ஜாக்கிங் என்பது விமானக் கடத்தலைக் குறிக்கும் ஹைஜாக்கிங்கின் வால். ஆனால் இங்கே மின்சாரத்தை யாரும் கடத்துவதில்லை. சொல்லுக்குச் சொல் 'மின்களவு' என்று மாற்றினால், மீற்றருக்குத் தெரியாமல் கம்பியில் கொக்கி போடுவதாகத்தான் நம்மவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

சாதாரண யூ.எஸ்.பி 2.0 வயருக்குள் நான்கு கம்பிகள்: மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு. சோறு வரும் வாசலாலேயே ஆளும் வரலாம். அப்படியானால் 'தரவுக் களவு' சரியா? அதுவும் போதாது. 2025இல் ஒஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கள்ளத்தனமாக மாற்றியமைத்த சாஜர் விசைப்பலகைபோல நடித்து, 'அனுமதி' என்பதைத் தானே அழுத்தும் என்று காட்டினார்கள். களவு பிறகுதான், முதலில் நடப்பது உள்ளே நுழைவது. நுழைவதற்கு வழி, நாம் செருகும் அந்தத் துளை. அதனால் 'செருகுவழி ஊடுருவல்' என்பதையே நான் விரும்புகிறேன். சாஜருக்கும் பொருந்தும், கடைக் கணினிக்கும் பொருந்தும்.

பொது இடங்களில் இப்படி உறுதியாக நடந்த சம்பவம் எதையும் தாம் அறியவில்லை என்று அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு சொல்லியிருக்கிறது. பயந்து போனை அணைத்துவைக்கத் தேவையில்லை. சொந்தச் சாஜரைச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள், இல்லையேல் பவர் பாங்க் கொண்டுபோங்கள். கணினியில்தான் செருகவேண்டி வந்தால் போனைப் பூட்டிவிட்டுச் செருகுங்கள், கேள்வி வந்தால் 'இல்லை' என்று அழுத்துங்கள்.