"வண்டி ஓட்டுறீங்களா?" என்று ஏன் கேட்கிறேன்

பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் மருந்துக்கடை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருகிறவர்களில் பாதிப் பேர் லாரிக்காரர்கள். அன்று ஒருவர் தவிட்டு மூட்டை லோடோடு வந்திருந்தார். கைலி, தலைமுடி எல்லாம் தூசி, தும்மல் நிற்கவில்லை.

"பாப்பா, ரெண்டு அவில் குடு. விடியறதுக்குள்ள ஓசூர் போவணும்."

"வண்டி நீங்கதான் ஓட்டுறீங்களாண்ணா?"

"ஆமா, ஏன்?"

தும்மல், அரிப்பு போன்ற அலர்ஜிக்குப் போடும் அவில் மாத்திரையில் இருப்பது பெனிரமைன் என்ற மருந்து. சின்ன மூலக்கூறு, கொழுப்பில் நன்றாகக் கரையும். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். கொழுப்பில் கரையும் மருந்து அந்தச் செல்களின் ஊடாகவே உள்ளே போய்விடும். தூசி பட்டால் தும்ம வைக்கிற அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழித்திருக்க வைக்கிறது. மூக்கில் அதைத் தடுக்கப் போன மருந்து மூளையிலும் தடுத்தால் கண் சொருகத்தானே செய்யும்?

அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசைனைப் பாருங்கள். தூக்கம் தள்ளும். அதன் ஒரு முனையை நம் கல்லீரல் அமிலமாக மாற்றினால் கிடைப்பது செட்ரிசின், அதுவும் அலர்ஜி மருந்துதான். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த அமில முனை ரத்தத்தில் மின்னேற்றத்தோடு இருப்பதால் மூளைக்குள் போவது குறைகிறது. குறைகிறது, அவ்வளவுதான், 10 மில்லிகிராம் செட்ரிசினுக்கே தூங்கி விழுகிறவர்கள் உண்டு. ஃபெக்ஸோபெனடின் என்ற இன்னொரு அலர்ஜி மருந்திலும் அமில முனை இருக்கிறது. போதாததற்கு, மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஒரு புரதம் அதைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். பகலில் வேலை செய்கிறவர்கள் டாக்டரிடம் ஃபெக்ஸோபெனடினைப் பற்றிக் கேளுங்கள். தண்ணீரோடு விழுங்குங்கள், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு வேண்டாம், மருந்து உடம்பில் சேருவது குறைந்துவிடும்.

எனக்கு அதிகக் கவலை சளி, ஜுரத்துக்கான கலவை மாத்திரைகள்மேல்தான். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் பெனிரமைன் போலவே தூக்கம் தள்ளும் குளோர்பெனிரமைன் இருக்கும். பெரியவர்கள் உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டது காலையில் பைக் எடுக்கும்போதும் உள்ளே இருக்கும். புராஸ்டேட் வீங்கிய தாத்தாக்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் செய்யும், அவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் வாங்கித் தராதீர்கள்.

லாரிக்கார அண்ணா கொஞ்சம் யோசித்தார். "சரி, அப்போ லோடு எறக்கிட்டுப் போட்டுக்கறேன்."

"போட்டுட்டுப் படுத்துடுங்க. உடனே திரும்பி ஓட்டிக்கிட்டு வராதீங்க."

மாத்திரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்.