ட்ரீட்மென்ட் ரெசிஸ்டன்ட்: மட்டுப்படா மனநோய்

மருத்துவக் குறிப்பில் 'ட்ரீட்மென்ட் ரெசிஸ்டன்ட்' என்று பார்த்ததும், "இனி ஒன்றும் செய்ய முடியாதாம்" என்று வீட்டார் இடிந்துபோகிறார்கள். அந்தச் சொல்லுக்கு அப்படிப் பொருளே இல்லை. குறைந்தது இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய வாரங்கள் கொடுத்துப் பார்த்தும் நோய் தணியவில்லை, அவ்வளவுதான்.

'ரெசிஸ்டன்ட்' என்பதன் மூலம் லத்தீன் வினை 'ரெசிஸ்டெரே', எதிர்த்து நிற்றல். இதே பொருளில் புழங்கும் 'ரிஃப்ராக்டரி' இன்னும் கடுமையானது. அதன் லத்தீன் மூலம் பிடிவாதக்காரரைக் குறிக்கும். தமிழில் 'சிகிச்சை எதிர்ப்பு மனநோய்' என்று எழுதினால், நோயாளியே மாத்திரையைத் தட்டிவிடுவதுபோல ஒலிக்கிறது. காசநோயில் 'மருந்தெதிர்ப்பு' சரி, அங்கே கிருமி மாறிக்கொண்டு மருந்தைச் சமாளிக்கிறது. இங்கே அப்படிக் கிருமி ஏதும் இல்லை. 'தீராத நோய்' என்பதோ முழுத் தவறு. காய்ச்சல் மட்டுப்பட்டது, வலி மட்டுப்படவில்லை என்கிறோமே, அந்த வினைதான் பொருத்தம்: மட்டுப்படா மனநோய்.

இந்தப் பெயரைச் சூட்டும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. மாத்திரை ஒழுங்காக உள்ளே போனதா? அளவு போதுமா? தைராய்டு குறைவா, குடிப்பழக்கமா, நோயைக் கணித்ததே தவறா? இதையெல்லாம் விசாரித்த பிறகுதான் அடுத்த படி.

மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) அந்த அடுத்த படி குளோசாபின் என்ற மருந்து. வெள்ளையணுக்கள் சரிந்து பின்லாந்தில் சிலர் இறந்ததால் 1975-இல் அது பல நாடுகளில் பின்வாங்கப்பட்டது. 1988-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, வேறு மருந்துகளுக்கு மட்டுப்படாதவர்களிடம் ஆறு வாரம் அதைக் கொடுத்துப் பார்த்தது: 30 சதவீதம் பேர் தேறினார்கள். குளோர்ப்ரோமசின் என்ற பழைய மருந்தை எடுத்தவர்களில் தேறியவர்கள் 4 சதவீதம்தான். மறு ஆண்டே அங்கே அனுமதி கிடைத்தது. தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கமாயிற்று. அந்தச் சிரமத்துக்கு அஞ்சி இம்மருந்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன்.

மனச்சோர்வுக்கு, எடுக்கும் மருந்தோடு லித்தியம் என்ற மருந்தையும் சேர்ப்பது, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்னதிர்வு சிகிச்சை, 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஸ்கெட்டமின் மூக்குத் தெளிப்பு என வழிகள் உள்ளன.

எழுதும்போது எழுவாயைக் கவனியுங்கள். 'இவர் சிகிச்சைக்கு மட்டுப்படவில்லை' அல்ல. 'இவருடைய மனச்சோர்வு இரண்டு மருந்துகளுக்கு இன்னும் மட்டுப்படவில்லை.'