ஐந்தாண்டில் பி.டெக்.கும் எம்.டெக்.கும்: இடத்தை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜூன் மாதம் வந்துவிட்டால், தில்லி ஆர்.கே. புரத்தின் மலை மந்திர் கோயில் படிகளில் அறிந்தவர் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "பையனுக்கு ஜோசாவில் விருப்பப் பட்டியல் போட வேண்டும். நான்கு வருடப் படிப்பை மேலே போடுவதா, ஐந்து வருடப் படிப்பை மேலே போடுவதா?" ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களின் இடங்களை ஒதுக்கும் பொதுக் கலந்தாய்வுதான் ஜோசா. முனிர்காவிலும் ஆர்.கே. புரத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.ஐ.டி. தில்லியும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் கூப்பிடு தூரம். இரண்டிலும் ஐந்தாண்டு இரட்டைப் பட்டப் படிப்பு உண்டு. ஆகவே இந்தக் கேள்வி இங்கே மற்ற ஊர்களைவிடச் சற்று உரக்கவே கேட்கிறது.

முதலில் படிப்பு என்னவென்று பார்ப்போம். பி.டெக். நான்கு ஆண்டுகள், எம்.டெக். இரண்டு ஆண்டுகள், தனித்தனியே படித்தால் ஆறு. இரட்டைப் பட்டத்தில் இரண்டும் ஐந்து ஆண்டுகளில் முடிகின்றன. பாடத்தைக் குறைத்து ஓராண்டை மிச்சம் பிடிப்பதில்லை. நான்காம் ஆண்டின் விருப்பப் பாடங்களிலேயே முதுநிலைப் பாடங்கள் தொடங்கிவிடுகின்றன. பெரிய ஆய்வுத் திட்டம் ஐந்தாம் ஆண்டு வரை நீள்கிறது. நடுவில் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வோ, இன்னொரு சேர்க்கைப் போராட்டமோ கிடையாது. ஐ.ஐ.டி. தில்லியில் கணினி அறிவியல், வேதிப் பொறியியல் போன்ற துறைகளில் அண்மை ஆண்டுகளில் இந்த இடங்கள் இருந்து வருகின்றன; சேர்க்கை ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசைப்படி. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 2018-இல் பொறியியல் பள்ளியைத் தொடங்கியபோதே ஐந்தாண்டுப் படிப்பாகத்தான் தொடங்கியது. அங்கே கணினி அறிவியலும் மின்னணுத் தகவல் தொடர்பும் இருக்கின்றன, ஜே.இ.இ. மெயின் தரவரிசையே போதும்.

இன்னொன்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2024 இறுதியில் 'விரைவுப் பட்டம்' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. கூடுதல் கிரெடிட் (பாட அலகு) எடுக்கும் மாணவர் நான்காண்டு இளநிலைப் படிப்பை அதிகபட்சம் இரண்டு செமஸ்டர் முன்னதாக முடிக்கலாம். மொத்த இடங்களில் 10 சதவீதம் பேருக்குத்தான் அந்த வாய்ப்பு. அதில் கிடைப்பது இளநிலைப் பட்டம் மட்டும். ஐ.ஐ.டி.கள் 1961-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. தங்கள் படிப்பு விதிகளை அவையே வகுத்துக்கொள்கின்றன.

என்னிடம் கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: இரட்டைப் பட்டத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு, முடிந்தால் இரண்டாவது வாசலைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாசல், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஜோசா கலந்தாய்வில் ஐந்தாண்டு இடத்தையே எடுப்பது. இரண்டாவது வாசல், நான்காண்டு பி.டெக்.கில் சேர்ந்து, பிறகு எம்.டெக்.கையும் இணைத்துக்கொள்வது. ஐ.ஐ.டி. தில்லி 2025-இல் மாற்றியமைத்த பாடத்திட்டத்தின்படி, மூன்றாம் ஆண்டு முடிவில் மாணவர் அங்குள்ள எம்.டெக். படிப்புகளுக்கு விண்ணப்பித்து, இரண்டு பட்டங்களையும் ஐந்தாண்டுக்குள் பெறலாம். பதினேழு வயதில் ஒரு துறையின் பெயரைத்தான் நம் பிள்ளைகள் அறிவார்கள். இருபது வயதில் அந்தத் துறை பிடித்திருக்கிறதா, ஆய்வுக்கூடத்தில் உட்காரும் பொறுமை இருக்கிறதா, வேலைக்குப் போகவேண்டிய அவசரம் வீட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். முடிவெடுக்க அதுவே சரியான பருவம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரே துறையில் நான்காண்டு இடத்தைவிட ஐந்தாண்டு இடம் பெரும்பாலும் சற்றுப் பின்தங்கிய தரவரிசையில்தான் நிறைவடைகிறது. மகளுக்கு உண்மையிலேயே விருப்பமான துறை ஐந்தாண்டு இடமாக மட்டுமே எட்டும் என்றால், தயங்காமல் எடுக்கலாம். ஆனால் எடுக்கும் முன் நிறுவனத்தின் படிப்பு விதிக் கையேட்டை வரி விடாமல் படியுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் என் அக்கா மகன். வேறொரு ஊரில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தான். நான்காம் ஆண்டு முடியும்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலை இடம் கிடைத்தது. இளநிலைப் பட்டச் சான்றிதழ் கேட்டார்கள். கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றபோதுதான், இரண்டு பட்டங்களும் ஐந்தாம் ஆண்டு முடிந்த பிறகே ஒன்றாகத் தரப்படும் என்று தெரிந்தது. அந்த இடத்தை அவன் விட்டுவிட வேண்டியதாயிற்று. அக்காவும் அத்தானும் அன்று இரவு தொலைபேசியில் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. இரட்டைப் பட்டப் படிப்புகளில் பெரும்பாலும் இப்படித்தான். நான்காண்டோடு பி.டெக். வாங்கிக்கொண்டு வெளியேற முடியுமா, முடியுமென்றால் எந்த செமஸ்டருக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற இரண்டையும் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பணம். 2016-இல் சேர்ந்தவர்கள் தொடங்கி ஐ.ஐ.டி. பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஆனது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இது முழுவதும் தள்ளுபடி. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தாலும் முழுத் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. இந்தச் சலுகை ஐந்தாம் ஆண்டுக்கும் தொடருமா, அந்த ஆண்டுக்குப் பி.டெக். கட்டணமா எம்.டெக். கட்டணமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. கேட் எழுதித் தனியாக எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதங்களுக்கு அது 2,97,600 ரூபாய். இரட்டைப் பட்ட மாணவருக்கு ஐந்தாம் ஆண்டில் இந்தத் தொகை கிடைக்குமா, அதற்குக் குறைந்தபட்ச சி.ஜி.பி.ஏ. (ஒட்டுமொத்தத் தரப்புள்ளி) வேண்டுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஓராண்டு முன்னதாகச் சம்பளம் வாங்குவது நல்லதுதான். அதை இந்தத் தொகையோடு வைத்துப் பார்த்த பிறகே இலாபமா நட்டமா என்று சொல்ல முடியும்.

கல்விக் கடன் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கமான விதி. நான்காண்டுக்குக் கடன் வாங்கிவிட்டு மூன்றாம் ஆண்டில் இரட்டைப் பட்டத்துக்கு மாறினால், அனுமதிக் கடிதத்தை உடனே வங்கிக் கிளையில் கொடுத்துக் காலத்தை நீட்டித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், பிள்ளை படித்து முடித்த கையோடு தவணை வந்து நிற்கும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பிணையம் இல்லாமல் கடன் பெறலாம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு.

தில்லித் தமிழர்கள் அடிக்கடி இடறி விழும் இடம் சாதிச் சான்றிதழ். ஊரிலிருந்து வாங்கி வைத்திருக்கும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கானது. மத்திய நிறுவனங்களின் 27 சதவீத ஒதுக்கீட்டுக்கு, உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்டு, அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியிருக்க வேண்டும். சொந்த ஊர்த் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க நேரும் என்பதால், ஏப்ரலிலேயே ரயில் டிக்கெட் போட்டுவிடுவது நல்லது.

பட்டத்தின் பயன் ஆளுக்கு ஆள் வேறு. பொறியியல் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி எம்.டெக். வேண்டும், ஒருங்கிணைந்த எம்.டெக்.கையும் அது ஏற்கிறது. என்.டி.பி.சி. போன்ற சில பொதுத்துறை நிறுவனங்களோ கேட் மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுப்பவை. அங்கே குறிவைக்கும் பிள்ளை இரட்டைப் பட்டம் படித்தாலும் கேட் எழுதத்தான் வேண்டும். முனைவர் பட்டமே இலக்கு என்றால், நல்ல சி.ஜி.பி.ஏ. உள்ள ஐ.ஐ.டி. மாணவர் பி.டெக். முடித்ததும் நேரடியாகவே அதில் சேர வழி உண்டு. அவருக்கு ஐந்தாம் ஆண்டு கட்டாயமில்லை.

ஜோசாவில் ஐந்தாண்டு இடம் கிடைத்து, அதே நிறுவனத்தின் நான்காண்டு இடத்துக்கு அடுத்த சுற்றில் மாற நினைப்பவர்கள், கிடைத்த இடமே போதும் என்னும் 'ஃப்ரீஸ்' கொடுத்துவிடக் கூடாது. அந்த நிறுவனத்துக்குள்ளேயே மேலான விருப்பத்துக்கு நகர்த்துவது 'ஸ்லைடு'. வேறு நிறுவனத்துக்குப் போகவும் தயார் என்றால் 'ஃப்ளோட்'. பட்டியலைப் பூட்டும் முன் நான்காண்டு இடத்தை ஐந்தாண்டு இடத்துக்கு மேலே வைத்திருந்தால்தான் இரண்டும் பலிக்கும். பட்டியலைப் பூட்டியபின் அந்த வரிசையை மாற்ற முடியாது.