பன்னிரண்டு சொல் சாவி

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக்கு இன்றைய கணக்கில் 11 புள்ளி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிக் குடும்பமாகிவிட்டால் ஒரு புள்ளி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மட்டும் பங்குக்கு ஒன்று. எந்த அறை யாருடையது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். திறக்க முடிவது சாவி வைத்திருப்பவருக்கு மட்டும்.

போன பிள்ளையார் நோன்புக்கு வந்திருந்த அண்ணன் மகன், இழை எடுத்துக்கொண்ட கையோடு செல்போனை என்னிடம் நீட்டினான்.

“சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. 24 மணி நேரத்துக்குள்ள பிட்காயின் வாலட்டைச் சரிபார்க்கலைன்னா முடக்கிருவாங்களாம்.”

நன்றாகச் செய்யப்பட்ட பக்கம். சின்னம், நிறம் எல்லாம் அசல் மாதிரியே. கீழே 12 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சொல். அவன் ஏற்கெனவே ஐந்தை நிரப்பியிருந்தான். ஆறாவது சொல்லின் எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்து நின்றதால்தான் என்னிடம் வந்தானே தவிர, பக்கத்தின் மேல் சந்தேகம் வந்து அல்ல.

வாலட் என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதற்குள் பணம் எதுவும் இல்லை. பிட்காயின் என்ற டிஜிட்டல் பணம் யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு ஒரு பொதுப் பேரேட்டில் இருக்கிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் அந்தப் பேரேட்டின் ஒரே மாதிரிப் பிரதியை வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். எங்கள் வளவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: கதவுகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். வாலட் என்பது சாவிக்கொத்து, அவ்வளவுதான். போன் உடைந்தால் காசு போகாது. சாவி அடுத்தவன் கைக்குப் போனால், போன் உங்கள் சட்டைப்பையிலேயே இருந்தாலும் காசு போய்விடும்.

அந்தச் சாவி ஒரு எண். பிட்காயினில் அது 256 பிட் நீளம், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதினால் 256 இலக்கம். நாம் எழுதும் தசம எண்ணாக மாற்றினால் 77, 78 இலக்கம் வரும். அந்த ரகசிய எண்ணிலிருந்து நீள்வட்ட வளைவுக் கணிதத்தின் வழியாக ஒரு பொதுச் சாவி பிறக்கிறது, அதிலிருந்து முகவரி பிறக்கிறது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவது நொடி வேலை. திரும்பி வர வழியில்லை. எங்கள் வீட்டுச் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்ச் சாறு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசியது. கண்ணாடி மாதிரி பளபளக்கும் அந்தச் சுவரைச் சுரண்டி மறுபடியும் முட்டையை எடுக்க முடியுமா? அதனால் முகவரியை யாருக்கும் தைரியமாகக் கொடுக்கலாம். உங்கள் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கலாம், எடுக்க முடியாது.

78 இலக்கத்தை எந்த மனிதன் தப்பில்லாமல் எழுதி வைப்பான்? அதற்காக 2013-ல் ஒரு முறை முன்வைக்கப்பட்டது. பிப்-39 என்பார்கள். 2,048 எளிய சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். ஆங்கிலப் பட்டியலில் முதல் சொல் ‘அபாண்டன்’, கடைசிச் சொல் ‘ஜூ’. ஜப்பானியம், கொரியன், செக் மொழிகளிலெல்லாம் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. கருவி முதலில் 128 பிட் நீளத்துக்குத் தற்போக்காக ஓர் எண்ணை எடுக்கிறது. சரிபார்ப்புக்காக 4 பிட் சேர்த்து 132 ஆக்குகிறது. அதை 11, 11 பிட்டாகப் பன்னிரண்டு துண்டு போடுகிறது. 11 பிட்டில் சரியாக 2,048 எண்களைக் குறிக்கலாம், ஆகவே துண்டுக்கு ஒரு சொல். அந்தச் சொற்கள் அதே வரிசையில் கிடைத்தால் உலகத்தில் எந்தக் கருவியிலும் உங்கள் சாவிகள் அத்தனையையும் மறுபடி உண்டாக்கிவிடலாம். கடவுச்சொல், ஓடிபி எதுவும் கேட்காது.

இதை ஊகித்துப் பிடிப்பது நடக்காத காரியம். மொத்த வாய்ப்புகளை எழுதினால் 34-க்குப் பின்னால் 37 சுழி போட வேண்டும். திருடனுக்கும் இது தெரியும். அதனால்தான் அவன் கணக்கோடு மல்லுக்கட்டுவதில்லை, நேரே உங்களிடமே கேட்கிறான். வாடிக்கையாளர் சேவை என்று டெலிகிராமில் வருவான், இலவசமாகக் காயின் தருகிறோம் என்பான், வாலட் முடங்கப்போகிறது என்பான். எந்த வேஷத்தில் வந்தாலும் கடைசியில் அந்தப் பன்னிரண்டு கட்டம் வந்துவிடும். பழைய வாலட்டைப் புதுக் கருவியில் மீட்டெடுக்கும்போது நீங்களாகச் சொற்களை உள்ளிடுவது தவிர, வேறு எங்கும் யாருக்கும் அந்தச் சொற்கள் தேவைப்படாது.

சரி, அண்ணன் மகன் கொடுத்துவிட்ட ஐந்து சொல்? பொத்தானை அமுக்காவிட்டாலும், தட்டத் தட்டவே எழுத்துகளை அனுப்பிவிடும் பக்கங்கள் உண்டு, எனவே ஐந்தும் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டோம். மீதி ஏழு சொல்லுக்கு, சரிபார்ப்புக்கான 4 பிட் போக, 2-இன் அடுக்கு 73 அளவு வாய்ப்புகள். இப்போதைக்கு எட்டாத தூரம்தான். ஆனால் பதினொன்று போயிருந்தால் பன்னிரண்டாவதற்கு மிஞ்சுவது சுமார் 128 சொற்கள்தான், கணினி கண்ணிமைப்பதற்குள் போட்டுப் பார்த்துவிடும். ஒவ்வொரு சொல் கசியும்போதும் வாய்ப்பு 2,048 மடங்கு சுருங்குகிறது. பங்காளிகள் இருவர் ஆளுக்கு ஆறு சொல்லாகப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வது இதனால்தான் தப்பு. ஒருவர் ஏமாற்ற நினைத்தால் வேலை பாதியாவதில்லை, கோடி கோடி மடங்கு எளிதாகிவிடும். ஒருவர் தாளைத் தொலைத்தால் இருவருக்கும் இல்லை.

சொற்களைப் பத்திரமாக வைத்தாலும் இன்னொரு வழி திறந்திருக்கிறது, கையெழுத்து. காசு அனுப்புவதென்றால், இன்ன தொகை இன்ன முகவரிக்கு என்று எழுதி ரகசிய எண்ணால் கையெழுத்துப் போடுவதுதான். பேரேடு கையெழுத்து சரியா என்று மட்டும் பார்க்கும், போட்டவர் வாசித்தாரா என்று பார்க்காது. வட்டிக்கடை நடத்திய ஊர்களில் வெற்று புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கெட்டவர்களின் கதை எத்தனை! பிட்காயின் மாதிரி இன்னொரு பேரேடான எத்தீரியத்தில் அதற்குச் சமமானது ‘அப்ரூவ்’ பொத்தான். ஏதோ ஒரு தளத்தில் வாலட்டை இணைத்து அதை அமுக்கினால், உங்கள் டோக்கனை, அதாவது அந்தப் பேரேட்டில் உங்கள் பேரில் இருக்கும் காயினை, வரம்பில்லாமல் எடுத்துக்கொள்ள அந்த நிரலுக்கு எழுதிக் கொடுத்ததாகக்கூட ஆகலாம். அன்றே எடுக்க வேண்டுமென்பதில்லை. நீங்கள் ரத்து செய்யும்வரை அந்த அனுமதி செல்லும், தளத்தை மூடிவிட்டு மறந்துபோனாலும்.

முகவரியிலும் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. நீண்ட எழுத்து வரிசை என்பதால் நாம் முதல் நாலு, கடைசி நாலு எழுத்தை மட்டும் ஒப்பிடுகிறோம். அந்த எட்டும் ஒத்துப்போகும்படி முகவரி தயாரிக்க மென்பொருள் இருக்கிறது. அதிலிருந்து உங்களுக்குச் சல்லிக்காசு அனுப்பி வைப்பார்கள். அடுத்த மாதம் பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்கும்போது கை அதன் மேல் போகும். நகலெடுத்த முகவரியை ஒட்டும்போது மாற்றிவிடும் வைரஸ் தனி ரகம். நடுவில் இருக்கும் எழுத்துகளையும் பாருங்கள், பெரிய தொகை என்றால் முதலில் சில்லறை அனுப்பிப் பாருங்கள்.

பெரிய கைகளும் இதே குழியில்தான் விழுந்தன. பைபிட் என்ற, காயின் வாங்கி விற்க உதவும் பரிவர்த்தனை நிறுவனம் 2025 பிப்ரவரியில் சுமார் 150 கோடி டாலரைப் பறிகொடுத்தது. அது பலர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் வாலட். எங்கள் வீட்டில் பொதுச் சாமான் அறைக்கு இரண்டு பூட்டு, சாவிகள் இரண்டு பங்காளிகளிடம், அதே ஏற்பாடுதான். ஆனால் கையெழுத்துக்காரர்கள் பார்த்த இணையத் திரையின் நிரலையே திருடர்கள் மாற்றியிருந்தார்கள். திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது, கையெழுத்து விழுந்ததோ வாலட்டின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் கட்டளையில். வடகொரியக் கும்பலின் வேலை என்றது எஃப்பிஐ.

ஹார்ட்வேர் வாலட்டின் பெருமை இங்கேதான். பென்டிரைவ் அளவுக் கருவி அது. கையெழுத்து அதற்குள்ளேயே நடக்கிறது, ரகசிய எண் வெளியே வருவதில்லை. கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் கருவியின் சிறு திரையில் தொகையும் முகவரியும் தெரியும், நம்ப வேண்டியது அதை. வாசிக்காமல் அமுக்கினால் அதுவும் உதவாது. தயாரித்தவரிடமிருந்தே நேரடியாக வாங்குங்கள். இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2020-ல் கசிந்தன. மறு வருடம் அந்த வாடிக்கையாளர்களில் சிலருக்குப் போலிக் கருவியே தபாலில் வந்தது.

காசு போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். திருட்டுக் காயின் ஏதாவது பரிவர்த்தனை நிறுவனத்துக்குள் நுழைந்தால் அங்கே முடக்க வழியுண்டு. பேரேட்டில் எழுதியதை அழிக்க மட்டும் யாராலும் முடியாது.

அன்றிரவே அண்ணன் மகன் புது வாலட் உண்டாக்கி இருந்ததை எல்லாம் அதற்கு மாற்றினான். புதுச் சொற்களைப் போட்டோ எடுக்கப் போனவனைத் தடுத்தேன். எடுத்த படம் அவனைக் கேட்காமலே கூகுள் கணக்குக்கும் போயிருக்கும். தாளில் எழுதினால் எங்கள் வீட்டுக் கரையான் விடாது. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறித்து வைப்பதுதான் வழக்கம், தீயையும் தண்ணீரையும் தாங்கும். பட்டியலின் எந்தச் சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து இன்னொன்றோடு ஒத்துப்போகாது, ஆகவே அதிகபட்சம் 48 எழுத்து வெட்டினால் போதும். காரைக்குடியில் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்துவிடலாம் என்றான். கொடுத்தால் சாவியை அவரிடம் படித்துக் காட்டியதாகும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுத்து அச்சும் சுத்தியலும் வாங்கி வந்தான்.

மறுநாள் மத்தியானம் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தான். தூக்கம் கலைந்த ஆத்தா உள்ளே இருந்து என்னடா சத்தம் என்று கேட்டது.

“பேர் வெட்டுறேன் அப்பத்தா.”

“எந்தப் பாத்திரத்துக்கு?”

அவன் என்னைப் பார்த்தான்.