தொட்டிக்குள் போகும் கை

சென்ற வாரம் மாலை, ஒரு தூய்மைப் பணியாளர் வலது உள்ளங்கையைத் துணியால் பொத்திக்கொண்டு வியாசர்பாடியில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தார். தெருமுனைத் தொட்டியிலிருந்து ஒரு கறுப்புப் பையைத் தூக்கியபோது, அதிலிருந்த இன்சுலின் ஊசி அவருடைய கையில் ஏறிவிட்டது. காலையில் குத்திய ஊசிக்கு வேலையை முடித்துவிட்டு மாலையில் வந்தவர், "கையுறை போட்டுத்தாம்மா இருந்தேன்" என்று, தவறு தம்முடையது போலச் சொன்னார். இந்த மழைக்காலத்தில் இப்படி வந்தவர்களில் அவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். அந்நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாத 100 பேரில் 30 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். குத்தியவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, அப்போதே மருத்துவரிடம் வர வேண்டும். மாலைவரை காத்திருக்கக் கூடாது.

இதைச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்றால், படித்தவர்களே என்னிடம் திரும்பக் கேட்கிறார்கள்: "எப்படியும் எல்லாம் ஒரே லாரியில்தானே போகிறது, நாங்கள் ஏன் பிரிக்க வேண்டும்?" பிரித்துக் கொடுத்த குப்பையை ஒன்றாகக் கொட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன், அது திருத்தப்பட வேண்டிய தவறு. ஆனால் ஒன்றாகக் கொட்டப்பட்ட குப்பை தானாகப் பிரிந்துவிடுவதில்லை. வண்டியருகே நிற்கும் பணியாளரோ, கொடுங்கையூர்க் கிடங்கில் பாட்டிலும் இரும்பும் பொறுக்கிப் பிழைப்பவரோ, யாரோ ஒருவர் வெறுங்கையால் கிளறித்தான் அதைப் பிரிக்கிறார். சாம்பார் ஊறிய அட்டையைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் எடைக்கு வாங்கமாட்டார். ஒரே ஒரு டயப்பர் விழுந்த காய்கறிக் கழிவிலிருந்து நல்ல உரம் எடுக்க முடியாது. வீட்டில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையை நாம் விட்டுவிட்டால், அதையே ஒருவர் தம் கையைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்தும் அதில் பாதி வீணாகிவிடுகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வீட்டாரின் கடமையாகச் சொல்லப்பட்டிருந்தது.

தொட்டிகளும் மாற வேண்டும். மூடியைத் தொட அருவருத்து எல்லோரும் திறந்தே விட்டுவிடுவதால், வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நிரம்பி, அழுகிய நீர் தெருவில் ஓடுகிறது. காலால் மிதித்துத் திறக்கும் மூடி இருந்தால் இதில் பெரும்பகுதி குறையும். மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டிக்கு அருகிலேயே மக்காத குப்பைக்கான நீலத் தொட்டியும் இருக்க வேண்டும். ஒன்று இந்த முனையிலும் மற்றொன்று அடுத்த தெருவிலும் இருந்தால் யாரும் நடக்கமாட்டார்கள். நீலத் தொட்டியின் வாய் பாட்டில் நுழையும் அளவுக்கு மட்டும் இருந்தால், சோற்றுப் பையை அதற்குள் திணிக்க முடியாது. ஊசிக்குத் தெருத்தொட்டியே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஊசியை விற்கிற மருந்துக் கடையிலேயே, பயன்படுத்திய ஊசியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பூட்டிய பெட்டி ஒன்று இருக்க வேண்டும்.

அதுவரை, தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். உடைந்த கண்ணாடியை அட்டையில் சுற்றிக் கட்டுங்கள். நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போடுங்கள். இன்சுலின் போடுபவர்கள், காலியான பினாயில் பாட்டில் போன்ற கெட்டியான ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். அதை எந்தப் பைக்குள்ளும் மறைக்காதீர்கள். காலையில் வண்டி வரும்போது பணியாளரிடம் நேரே கொடுத்து, உள்ளே ஊசி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.