பள்ளியை மூடிவிடுவார்களா, டாக்டர்?

அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயது. விரல் மூட்டுகள் வெடித்துச் சிவந்திருந்தன. இரண்டு இடங்களில் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சொல்லித்தான் அம்மா அழைத்து வந்தார். சோப்பை மாற்றிப் பார்த்தும் இரண்டு வாரமாகக் குறையவில்லையாம். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறாய்?" என்று கேட்டேன். அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "எண்ணியதில்லை" என்றாள்.

2020 மார்ச் மாதத் தொடக்கம், கொரோனா பற்றிய செய்தி பரவிக்கொண்டிருந்த நேரம் அது. பேச்சுக் கொடுக்கக் கொடுக்க விஷயம் வெளியே வந்தது. ஒரு நாள் இரவு, இவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துப் பெற்றோர் பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பள்ளியை மூடுவார்களா, மூடினால் என்ன செய்வது என்ற பேச்சு. நடுவில் அப்பா சொன்ன ஒரு வாக்கியம் இவள் காதில் விழுந்துவிட்டது: பிள்ளைகள்தான் பள்ளியிலிருந்து நோயை வாங்கிவந்து வீட்டிலிருக்கும் வயதானவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்களாம். அந்த வீட்டில் பாட்டி இருக்கிறார். மறுநாளிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்திருக்கிறாள். பாட்டியின் மடியில் படுப்பதையும் நிறுத்திவிட்டாள். பாட்டிக்கு அதில்தான் வருத்தம். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

வெடிப்புக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தேன். மற்றதற்கு என்ன எழுதுவது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

எங்கோ ஒரு புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்துவிட்டால் போதும், மறுநாளே என் மேசைக்கு எதிரில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துவிடும். சளி, இருமல், பசியின்மை எல்லாம் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்து, எழுந்திருக்கும்போதுதான் கேட்பார்கள்: "பள்ளியை மூடிவிடுவார்களா, டாக்டர்?" 2009-இல் பன்றிக் காய்ச்சலின்போது கேட்டார்கள். 2020-இல் கேட்டார்கள். இனியும் கேட்பார்கள்.

கேட்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னும் ஏன் மூடாமல் இருக்கிறார்கள், என் பிள்ளையை வைத்தா சோதனை செய்து பார்ப்பது என்று ஒருவர் கொதிப்பார். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கோ, மூடிவிட்டால் மறுநாளே வேலை போய்விடும். முதலாமவருக்கு இரண்டாமவர் பொறுப்பில்லாதவராகத் தெரிகிறார். இரண்டாமவருக்கு முதலாமவர் வசதியுள்ளவராகத் தெரிகிறார். என்னைக் கேட்டால், இருவர் பயமும் நியாயமானதுதான்.

மூடுவார்களா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்ல முடியும். இன்ஃப்ளுயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சல் (பன்றிக் காய்ச்சலும் அதில் ஒரு வகை) பரவுவதில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரியவர்களைவிட அதிக நாள் அவர்கள் வைரஸை வெளியேற்றுவார்கள். உடலில் பழைய எதிர்ப்பாற்றலும் குறைவு. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து விளையாடுகிறவர்கள். அதனால் அந்த நோய்க்குப் பள்ளிகளைச் சீக்கிரம் மூடினால் பரவும் வேகம் குறையும். 2020-இல் வந்த கொரோனா வேறு மாதிரி. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது லேசாக வந்து போனது. பரப்புவதிலும் சின்னக் குழந்தைகள் இன்ஃப்ளுயன்சா அளவுக்கு முன்னால் நிற்கவில்லை. ஆனால் இதெல்லாம் தெரியவர மாதங்கள் ஆயின. தெரியாத காலத்தில் எடுக்கும் முடிவுதான் மாறி மாறி வரும். 2009-இல் பன்றிக் காய்ச்சல் தொடங்கிய புதிதில், நோய் கண்ட பள்ளிகளை 14 நாள் வரை மூடலாம் என்றது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். மே 5 அன்று அந்த அறிவுரையை அதுவே திரும்பப் பெற்றது. பயந்த அளவுக்கு நோய் கடுமையாக இல்லை என்று தெரிந்துவிட்டதுதான் காரணம். நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார்களே என்று அப்போது பெற்றோர் கோபப்பட்டார்கள். புதுத் தகவல் வந்தபிறகும் பழைய முடிவையே பிடித்துக்கொண்டிருப்பவரிடம்தான் நான் என் பிள்ளையைக் காட்டத் தயங்குவேன்.

1918-இல் நடந்தது இன்னும் சுவையானது. பெரும் இன்ஃப்ளுயன்சா தாக்கியபோது அமெரிக்க நகரங்கள் பெரும்பாலானவை பள்ளிகளை மூடின. நியூயார்க், சிகாகோ, நியூஹேவன் மூன்றும் மூடவில்லை. நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட் சொன்ன காரணம் இது: பிள்ளைகளில் பெரும்பாலோர் நெரிசலான, காற்றோட்டமில்லாத குடியிருப்புகளில் வாழ்கிறார்கள், பள்ளியோ சுத்தமாக, வெளிச்சமாக இருக்கிறது, தினமும் அவர்களைப் பரிசோதிக்க அங்கே மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள்? அது சரியான முடிவா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நான் அதில் கவனிப்பது வேறொன்றை. "மூடலாமா" என்று மட்டும் கேட்டு அவர் நிற்கவில்லை, "மூடினால் பிள்ளை எங்கே போகும்" என்றும் கேட்டார். சிகாகோவில் பள்ளி திறந்தே இருந்தும் பயத்தால் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் ஏராளம். நூறு வருடத்துக்கு முன்பும் அதே காத்திருப்பு அறைதான்.

பள்ளியை மூடுவது செலவில்லாத பாதுகாப்பு என்று முதல் வாரத்தில் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. 2020-இல் உச்சத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்கிறது யுனெஸ்கோ. அவர்களில் குறைந்தது 46.3 கோடிப் பேருக்கு இணையம், தொலைக்காட்சி, வானொலி எந்த வழியாகவும் பாடம் போய்ச் சேர வாய்ப்பில்லை என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் யுனிசெஃப் கணக்கிட்டது. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி ஆயிற்று. முதல் வகுப்பில் இருக்க வேண்டிய குழந்தை பள்ளியையே பார்க்காமல் மூன்றாம் வகுப்பு வயதுக்கு வந்துவிடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா கொள்ளைநோயின்போது பல மாதங்கள் பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2015 ஏப்ரலில் திறந்தபோது திரும்பி வராத பெண் பிள்ளைகள் பலர் கருவுற்றிருந்தார்கள். பதின்வயதுப் பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் பள்ளியைப் படிப்புக்கான இடமாக மட்டும் பார்ப்பதில்லை. அதற்கு இதுவே காரணம்.

வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளின் கண் கெட்டது என் அறையிலேயே தெரிந்தது. அதைக் கணக்கெடுத்துக் காட்டிய ஊரும் உண்டு. சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஃபெய்செங் என்ற ஊரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்துவந்தார்கள். 2015 முதல் 2019 வரை, ஆறு வயதுக் குழந்தைகளிடம் கிட்டப்பார்வை அதிகபட்சம் 5.7 விழுக்காடு. 2020-இல், சில மாத வீட்டடைப்புக்குப் பிறகு, 21.5. அந்த வயதில் கண் வளர்ந்துகொண்டிருக்கும். வெளிச்சமும் தூரத்துப் பார்வையும் அதற்கு வேண்டும். அடைத்துவைத்த பிள்ளைக்கு இரண்டும் கிடைக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு, மூடவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில சமயம் மூடித்தான் ஆக வேண்டும். ஆசிரியர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டால் யார் வகுப்பெடுப்பது? மூடினால் எத்தனை நாள், எதைப் பார்த்துத் திறப்பீர்கள் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்கிறேன். 2020 ஏப்ரல் 15 அன்று டென்மார்க் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியபோது சின்ன வகுப்புகளைத்தான் முதலில் அழைத்தது. மேசைகளைத் தள்ளிப் போட்டார்கள், முடிந்த பாடங்களை வெளியில் வைத்து நடத்தினார்கள், பெற்றோரை வளாகத்துக்குள் விடவில்லை. திறப்பதற்கும் திட்டம் வேண்டும்.

இனி வீட்டுப் பக்கம். பெற்றோர் கோபித்துக்கொண்டாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. விடுப்பு எடுக்க வழியில்லை. ஒரு மூடி பாரசிட்டமால் சிரப் கொடுத்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் நெற்றி குளிர்ந்துவிடும். பள்ளி வாசலில் வெப்பமானி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் அந்த மருந்தின் கணக்கு. மதியம் பிள்ளை மேசையில் தலை சாய்த்துக் கிடக்கும். பள்ளியிலிருந்து போன் வரும். அதற்குள் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேர வேண்டுமோ அது போய்விட்டிருக்கும். இதைச் செய்த தாய்மார்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள், நான் திட்டுவதில்லை. விடுப்புக்கு வழியில்லாத அந்தக் காலை நேரத்தில் அவர்கள் இடத்தில் நான் இருந்ததில்லை. ஆனாலும் மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பள்ளி. பள்ளி மூடாமல் இருக்க ஒரு குடும்பம் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை நோய், புற்றுநோய்ச் சிகிச்சை என்று ஏற்கெனவே மருந்தில் இருக்கும் பிள்ளைகளின் கதை தனி. ஊருக்குச் சொல்லும் அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது; பார்க்கும் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள், மருந்து தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். 2021-இல் உலகம் முழுவதும் 2.5 கோடிக் குழந்தைகள் முத்தடுப்பு ஊசியில் (தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னிக்குப் போடுவது) ஒரு தவணையாவது தவறவிட்டார்கள். பெரிய நோய்க்குப் பயந்து பழைய நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டோம்.

வதந்தி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் வரும் சுற்றறிக்கைப் படத்தில் முதலில் தேதியைப் பாருங்கள். ஒரு முறை எனக்கு அவசரமாக வந்த "நாளை முதல் விடுமுறை" அறிவிப்பு, வேறு எதற்கோ எப்போதோ விட்ட விடுமுறை. நானும் இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் தேதியைப் பார்த்தேன்.

பிள்ளையிடம் என்ன சொல்வது? "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்தச் சத்தியம் அன்றே உடைந்துவிடும். சின்னப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது யார் தன்னோடு இருப்பார்கள் என்பது மட்டும்தான். பெரிய பிள்ளை தேர்வையும் நண்பர்களையும் கேட்கும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம், எப்போது தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. எல்லாவற்றையும்விட, இரவில் பக்கத்து அறையில் பேசுவதாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறுமியிடம் நான் சொன்னது இதுதான்: கை கழுவுவது நல்ல பழக்கம், 20 விநாடி போதும், கழுவியதும் இந்தக் களிம்பைப் போடு. பாட்டியைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை; உன் வேலை இல்லை. உனக்கு உடம்பு சுட்டால் மட்டும் சொல். உடம்பு நன்றாக இருந்தால் பாட்டி மடியில் படுக்கலாம் என்றும் சொன்னேன். அடுத்த சில வாரங்களில் அந்தக் கடைசி அறிவுரையை நானே மாற்றிச் சொல்ல வேண்டி வந்தது. அவள் ஏன் என்று கேட்டாள். புதிதாகத் தெரிந்துகொண்டோம் என்றேன். என்னைவிட நிதானமாகத்தான் அதைக் கேட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு தாளில் பள்ளி நடக்கும் ஐந்து நாட்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்று பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்று எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பெற்றோரிடமும் இதைச் சொல்கிறேன். முதல் தடவை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: ஐந்து நாளும் பாட்டி, அல்லது தாத்தா. யாரை நோயிலிருந்து காக்கப் பள்ளியை மூடுகிறார்களோ அவர்கள் கையிலேயே பிள்ளைகளை ஒப்படைக்கிறோம். அந்தப் பெயரை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள் என்பேன். அப்போதுதான் உண்மையான பேச்சு தொடங்கும்: அப்பாவால் எந்த நாள் விடுப்பு எடுக்க முடியும், பக்கத்து வீட்டுக்காரரோடு முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா, வேலை இடத்தில் இப்போதே கேட்டுவைக்கலாமா. எங்கள் மருத்துவமனைச் செவிலியர்களிடமும் அந்தத் தாளைக் கொடுத்தேன். பள்ளி மூடினால் பணிக்கு வர முடியாதவர்கள் எத்தனை பேர் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

அந்த அம்மா பத்து நாள் கழித்து வந்தார். மகளின் விரல்களில் புதுத் தோல் வந்துவிட்டது. வலது ஆள்காட்டி விரலில் மட்டும் சின்னப் பொருக்கு. கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். பாட்டியின் பெயர் ஐந்து இடத்திலும் அடிக்கப்பட்டிருந்தது. திங்களும் வெள்ளியும் அப்பா. செவ்வாய் சித்தி. வியாழன் அவரே, ஒரு கேள்விக்குறியோடு. புதன்கிழமைக்கு எதிரே இன்னும் யார் பெயரும் இல்லை.